நாலில் தொடங்காத துப்பாக்கி

என் புருஷன் டெல்பர்ட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். குண்டின் அளவு நாலில் தொடங்க வேண்டும். நாற்பது, நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து, இவைதான் அவர் கணக்கில் துப்பாக்கி. மூன்றில் தொடங்குகிறவை, ஒன்பது மில்லிமீட்டர், இருபத்திரண்டு, இதெல்லாம் தாக்க வந்தவனுக்குக் கோபத்தைக் கிளப்பிவிடுகிற சாமான்கள். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விகளுக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சட்டைக்கு அடியில், வலது இடுப்பில், அவருடைய நாற்பத்தைந்து எப்போதும் இருக்கும். மளிகைக்கும் அதோடுதான், மாவு ஆலைக்கும் அதோடுதான், சர்ச்சுக்கும் அதோடுதான். “உனக்காகத்தான் சுமந்துட்டுத் திரியறேன் வெர்னா” என்பார். எங்கள் ஊர் போலன் க்ரீக்கில் அறுபத்தாறு வயதுக்காரியைக் கடத்திக்கொண்டு போக யாரும் வரிசை கட்டி நிற்கவில்லை. சொல்லிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆனால் அந்த நாற்பத்தைந்தை தினமும் தயார் செய்து கொடுப்பது நான்.

அவர் முப்பது வருஷம் வீடு வீடாக எரிவாயு கொண்டு போன லாரிக்காரர். மிசூரிப் பனியில் உறைந்து போன குழாயை இழுத்து இழுத்து விரல் மூட்டுகளெல்லாம் இஞ்சி மாதிரி புடைத்துவிட்டன. ஜாம் பாட்டிலைத் திறக்கவே நான் வேண்டும். துப்பாக்கி ஜாம் பாட்டில் இல்லை. அதன் மேல்பாகத்தை, ஸ்லைடு என்பார்கள், பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். மறுபடி இழுத்தால்தான் அது வெளியே வரும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் நல்ல முரட்டு ஸ்பிரிங். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் இரவு நேரம் குண்டோடு துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் ராத்திரி அதைக் காலி செய்யவும் காலையில் நிரப்பவும் ஒரு கை தேவைப்பட்டது. அவருடைய கை ஒத்துழைக்க மறுத்த நாளிலிருந்து என் கை.

காலையில் காபி குடித்து முடித்ததும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பறவைகளைப் பார்ப்பார். நான் இழுத்து விட்டு வைப்பேன். எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. சிக்கிக்கொண்ட ஜிப்பை எடுத்துவிடுகிற பெண்டாட்டி அதை ஊர் கூட்டிச் சொல்வாளா? நானும் அப்படித்தான் இருந்தேன்.

சனிக்கிழமைகளில் க்ளீட்டின் துப்பாக்கிக் கடைக்குப் போவோம். கடைக்குப் பின்னால் சுட்டுப் பழக ஒரு கூடம் உண்டு. கடைக்குள் ஒரு வட்ட மேஜை, அதன்மேல் காலையில் போட்டு மதியம் வரை காய்கிற காபி, ஒரு பெட்டி டோனட். மேஜையைச் சுற்றி என் தம்பி ஹாய்ட்டும் அவனைப் போலவே வேலை ஓய்ந்த இரண்டு பேரும். நடுவில் என் புருஷன், நீதிபதி மாதிரி. யார் எதை வாங்கினாலும் தீர்ப்பு அவருடையது. அவர் மட்டும் பின்கூடத்துக்குச் சுடப் போவதில்லை. “காதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்பார். அப்படிச் சொன்ன டாக்டரை நான் பார்த்ததில்லை.

நவம்பர் மாதம், மான் வேட்டைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, கெண்ட்ரா உள்ளே வந்தாள்.

நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் விடியற்காலை வேலை பார்க்கிற பெண். இரண்டு சின்னப் பிள்ளைகள். பிரிந்து போன புருஷன் டேரல் அவளுடைய இடது மணிக்கட்டை கார் கதவில் வைத்து நசுக்கி ஒடித்தான். அதற்காக ஜெயிலுக்குப் போனான். வரும் வியாழக்கிழமை வெளியே வருகிறான். இது ஊருக்கே தெரியும். கிட்டே வரக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. அந்தக் காகிதத்தை அவன் எத்தனை தூரம் மதிப்பான் என்பதும் ஊருக்கே தெரியும்.

“க்ளீட், சின்னதா ஒண்ணு வேணும்” என்றாள். “ஏப்ரனுக்கு அடியில வச்சா வெளிய தெரியக் கூடாது. இருட்டுல காருக்கு நடந்து போகணும், அப்ப எடுக்கற மாதிரி இருக்கணும்.”

க்ளீட் அவசரப்படாத ஆள். அவளுடைய மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து கையடக்கமான ஒன்றை எடுத்து, காலி என்று திறந்து காட்டிவிட்டு அவளிடம் கொடுத்தான்.

“இது முந்நூத்தி எண்பது. ஸ்லைடு லேசு. இழுத்துப் பாரு.”

அவள் பயந்துகொண்டே இழுத்தாள். வந்துவிட்டது. மறுபடி இழுத்தாள். அதுவும் வந்தது. அந்தப் பெண் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். சிரித்தாள்.

அப்போதுதான் மேஜையிலிருந்து தீர்ப்பு வந்தது.

“ஏன்யா க்ளீட், அந்தப் பொண்ணுக்கு என்னத்துக்குப் பொம்மை காட்டிட்டிருக்க?”

ஹாய்ட் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். டெல்பர்ட் எழுந்து பேண்ட்டை ஏற்றி விட்டுக்கொண்டு கல்லாப் பக்கம் போனார். பத்துப் பேர் காது கொடுத்தால் இந்த மனுஷனுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும்.

“இங்க பாரும்மா. உன் முன்னாடி வந்து நிக்கப் போறவன் யாரு? டேரல். ஆறடிக்கு மேல, மாடு மாதிரி இருக்கான். இத வச்சு சுட்டேன்னா, எங்கடா கொசு கடிச்சுதுன்னு குனிஞ்சு பாப்பான்.”

மறுபடி சிரிப்பு. கெண்ட்ராவும் சிரித்தாள். அடுத்தவர்கள் சிரிக்கும்போது சிரித்துவிடுவது நல்லது என்று எங்கேயோ அடி வாங்கிக் கற்றுக்கொண்டவளின் சிரிப்பு அது.

“இப்பல்லாம் குண்டு நல்லா வருது டெல்பர்ட்” என்றான் க்ளீட். “போலீஸ்காரனே பெருச விட்டுட்டு ஒம்பது மில்லிமீட்டருக்கு வந்துட்டான். எங்க படுதுங்கறதுதான் விஷயம்.”

“போலீஸ்காரன் கூப்பிட்டா பின்னாலயே நாலு போலீஸ்காரன் வருவான். இவ கூப்பிட்டா யாரு வருவா?”

அது பொய்யில்லை என்பதுதான் கஷ்டம். எங்கள் மாவட்டத்தில் ஷெரீஃப் ஆபீசுக்கு போன் செய்தால் ஆள் வந்து சேர்வதற்குள் மாவு பிசைந்து, பொங்க வைத்து, ரொட்டி சுட்டு எடுத்துவிடலாம். கெண்ட்ராவின் கையில் இருந்த சின்னத் துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கிக் கண்ணாடிமேல் உட்கார்ந்தது.

“மிஸ்டர் டெல்பர்ட், என் கை இன்னும் சரியாகல. உள்ள தகடு வச்சுத் தச்சிருக்காங்க.”

“கை பழகிக்கும். என்னைப் பாரேன். எழுபது வயசு.”

என் மூஞ்சி கொதித்தது. எழுந்து, “யோவ், வாய மூடிட்டு உட்காரு, காலையில அத இழுத்துக் குடுத்தவ நான்” என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையில் சிந்தியிருந்த டோனட் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம். எவள் கற்றுக்கொடுத்தாளோ.

“சுட்டுப் பாத்தாத்தான் தெரியும்” என்று அவர் தொடர்ந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது. “என்னோடதையே எடுத்துட்டுப் போ. பின்னாடி போய் நாலு குண்டு சுட்டுட்டு வா. அப்புறம் சொல்லு.”

க்ளீட்டின் கடையில் ஒரு விதி. யாரானாலும், ராஜாவே வந்தாலும், துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன் காலி செய்து, திறந்து, எல்லோரும் பார்க்கக் காட்ட வேண்டும். அந்த விதியைப் போட வைத்தது டெல்பர்ட்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவன் குண்டோடு நீட்டினான் என்று கடையையே இரண்டாக்கிவிட்டார்.

இடுப்பிலிருந்து உருவினார். சுவர்ப் பக்கம் திருப்பினார். பொத்தானை அழுத்தி, குண்டு அடுக்கிய மேகசினை வெளியே எடுத்து வைத்தார். அதுவரை சரி. உள்ளே ஏறியிருந்த ஒரு குண்டு பாக்கி. அதற்கு ஸ்லைடை இழுக்க வேண்டும்.

பேச்சின் வேகத்தில் அவருக்கே மறந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். விரல்களை வைத்தபோதுதான் நினைவு வந்தது. தோள்பட்டை இறுகியது எனக்குத் தெரிந்தது. இழுத்தார். விரல் வழுக்கியது. உடம்பை லேசாகத் திருப்பிக்கொண்டு மறுபடி இழுத்தார். கால் அங்குலம் போய்த் திரும்ப ஓடி வந்துவிட்டது. கழுத்து சிவந்துவிட்டது. உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தார். மூக்கிலிருந்து ஒரு முனகல் வந்தது, வீட்டில் மட்டும் வருகிற முனகல்.

அப்போது என் கை நீண்டது. சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. எப்போது எழுந்தேன், எப்போது பக்கத்தில் போனேன் என்றுகூடத் தெரியாது. தினமும் செய்கிற வேலை. அவர் கையிலிருந்து வாங்கி, ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்து வைத்தேன். குண்டு துள்ளி விழுந்து, தரையில் உருண்டு ஹாய்ட்டின் பூட்ஸ் அருகே போய் நின்றது.

ஹாய்ட் மெல்வதை நிறுத்தியிருந்தான். எல்லோர் பார்வையும் டெல்பர்ட்மேல் இருந்தது. சிரித்திருந்தாலாவது தேவலை. என் தம்பி குனிந்து குண்டைப் பொறுக்கி, அதைத் துடைத்து, மேஜையின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தான்.

“கை வேர்த்துப் போச்சு” என்றார் டெல்பர்ட். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

கெண்ட்ரா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு க்ளீட் பக்கம் திரும்பினாள்.

“மிஸ்டர் டெல்பர்ட் சொல்றதுதான் சரி க்ளீட். பெருசே குடுத்துடுங்க. நாப்பத்தஞ்சு.”

“சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணும்மா.”

“வேண்டாம். முடிவு பண்ணிட்டேன்.”

க்ளீட் என்னைப் பார்த்தான். நான் என் கைப்பைக்குள் எதையோ தேடினேன். அவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான்.

அப்போது என் புருஷனின் முகத்தைத் தெரியாமல் பார்த்துவிட்டேன். அதில் நிம்மதி இருந்தது. தன் பேச்சு நின்றுவிட்டதில், தான் தப்பித்துவிட்டதில் ஒரு நிம்மதி. நாற்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவரைப் பார்த்து எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் அதுவரை வந்ததில்லை. அவர் பக்கத்தில் நிற்கவே கூசியது. அடுத்த நிமிஷம், சர்க்கரை துடைத்த என் கையைப் பார்த்து எனக்கே கூசியது.

வண்டியில் பாதி வழி வந்துவிட்டோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்ல பொண்ணு. சொன்னாக் கேட்டுக்குது.”

“வண்டிய ஓரமா நிறுத்து டெல்.”

“எதுக்கு?”

“நிறுத்துன்னா நிறுத்து.”

பள்ளத்தாக்குப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அவ உன் பேச்சக் கேட்டு வாங்கல. உன் மூஞ்சியப் பாத்து வாங்கினா. நீ அங்க நின்ன கோலத்தப் பாக்க முடியாம வாங்கினா. அது உனக்குப் புரியலையா, இல்ல புரியாத மாதிரி நடிக்கிறியா?”

“எல்லார் முன்னாடியும் நீ எதுக்குக் கைய நீட்டின?”

“பழக்கதோஷம்.”

“ஒரு நிமிஷம் குடுத்திருந்தா நானே இழுத்திருப்பேன்.”

“ரெண்டு வருஷம் குடுத்தேனே, பத்தலையா?”

அவர் வண்டியை மறுபடி கிளப்பினார். மளிகை வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காது வலி என்று சொல்லி சர்ச்சுக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை துப்பாக்கியை மேஜையில் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பறவைத் தீனி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலித் துப்பாக்கியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. கட்டைவிரல் கிழிந்து ரத்தம் வந்து சட்டையெல்லாம் பட்டிருந்தது. அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. தீனி எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டில் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. “ஆணி கிழிச்சிருச்சு” என்றார். சரி என்றேன்.

புதன்கிழமை மதியம் அவருக்கு பீன்ஸ் சூப் வைத்தேன். கரண்டியைத் தொடவில்லை.

“டேரல் நாளைக்குத்தானே வர்றான்?”

“ஆமா.”

“அவளால அத இழுக்க முடியும்கற?”

“உன்னால முடிஞ்சுதா?”

தொப்பியை எடுத்துக்கொண்டார். “கிளம்பு” என்றார்.

கெண்ட்ராவின் வீட்டு வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நாங்கள்தான் என்று குரல் கொடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்கிறாள், வறுத்த வெங்காய வாசனை அவள்மேல் இருந்தது.

“எங்க வச்சிருக்க?” என்று கேட்டார் டெல்பர்ட், வணக்கம் கூடச் சொல்லாமல்.

அவள் குளிர்பெட்டியின் மேலே காட்டினாள். பெட்டி மூடியபடி அப்படியே இருந்தது.

“தொறந்தே பாக்கலையா?”

“ஒரு தடவ தொறந்தேன். இழுக்க வரல. மணிக்கட்டு வீங்கிருச்சு, ரெண்டு நாளா தட்டுத் தூக்க முடியல. அதுதான் திரும்ப மூடி வச்சுட்டேன்.” எங்கள் மூஞ்சியைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: “பரவாயில்ல மிஸ்டர் டெல்பர்ட். அப்புறமாப் பழகிக்கறேன். காட்டினாலே பயப்படுவான்னு நினைக்கறேன்.”

டேரல் பயப்பட மாட்டான் என்பது அந்தச் சமையலறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். “எனக்கும் இழுக்க வராது” என்றார். “கை வேர்க்கல அன்னிக்கு. ரெண்டு வருஷமாவே வராது. இவதான் இழுத்துத் தர்றா.”

“தெரியும்” என்றாள் கெண்ட்ரா. “அன்னிக்குத்தான் பாத்தேனே.”

“பாத்துட்டு எதுக்கு அதையே வாங்கின?”

அவள் சொல்ல விரும்பவில்லை. ஏப்ரன் கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அவர் விடுகிறதாக இல்லை. கடைசியில் சொன்னாள்.

“கையில கட்டுப் போட்டுக்கிட்டு முதல்தடவ சர்ச்சுக்கு வந்தேன் பாருங்க. அப்ப எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு என்னை ஒரு பார்வ பாத்தாங்க. அன்னிக்குக் கடையில உங்களையும் அப்படியேதான் பாத்தாங்க. எனக்குத் தாங்கல. என்னவாவது சொல்லி அத நிறுத்தணும்னு தோணிச்சு. வாய்ல வந்தத சொல்லிட்டேன்.”

டெல்பர்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்த மனுஷன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. எழுந்து, எட்டி, குளிர்பெட்டி மேலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார்.

“பிள்ளைங்க ஸ்கூல்லருந்து வர எவ்ளோ நேரம் இருக்கு?”

“ரெண்டு மணி நேரம்.”

“அது போதும்.”

மான் வேட்டைக்கு மூன்று நாள்தான் பாக்கி. அது எங்களுக்கு நினைவே இல்லை. க்ளீட்டின் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு அங்கி போட்ட ஆட்கள் உள்ளே முட்டிக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் எங்கள் சர்ச்சுக்காரர்கள். கண்ணாடி வழியாக ஹாய்ட்டின் முதுகு தெரிந்தது. டெல்பர்ட் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“கூட்டமா இருக்கு” என்றார்.

பின் சீட்டில் கெண்ட்ரா, “வேற நாள் வேணும்னா...” என்று ஆரம்பித்தாள். வேறு நாள் எதுவும் இல்லை என்று அவளுக்கே தெரியும், இருந்தும் ஆரம்பித்தாள். அதைக் கேட்டதும் அவர் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

உள்ளே வழிவிட்டார்கள். “என்ன மச்சான், காது எப்படி இருக்கு?” என்றான் ஹாய்ட், கனிவாகத்தான். டெல்பர்ட் அவனைத் தாண்டிப் போய்ப் பெட்டியைக் கல்லாமேல் வைத்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

“க்ளீட், சனிக்கிழமை நான் இந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது தப்பு. வாய்க்கொழுப்பா பேசிட்டேன். என்னோடத இழுக்க எனக்கே முடியல, வெர்னாதான் தினமும் இழுத்துத் தர்றா. இத வாங்கிக்கிட்டு அவளுக்கு முதல்ல நீ காட்டின அந்த முந்நூத்தி எண்பதக் குடு.”

அவருடைய காது மடல்கூடச் சிவந்திருந்தது. க்ளீட் மறுபேச்சில்லாமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, சின்னதை எடுத்துத் திறந்து காட்டி, கெண்ட்ராவிடம் கொடுத்தான். ஒரு டப்பா குண்டும் கொடுத்தான். அவள் கல்லாவின் ஓரத்துக்குப் போய் மேகசினை நிரப்ப ஆரம்பித்தாள்.

“அப்புறம்...” என்றார் டெல்பர்ட். குரல் இறங்கிவிட்டது. “அதே மாதிரி எனக்கும் ஒண்ணு இருந்தா பாரு.”

க்ளீட் குனிந்தான். கல்லாவுக்கு அடியிலிருந்து, துணிக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் பின்னாலிருந்து, ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். மேலே தூசி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தான்.

“போன வேட்டைக்காலத்துலயே உனக்குன்னு எடுத்து வச்சேன்” என்றான். “நீயா கேப்பேன்னு இருந்தேன்.”

“அப்ப உனக்குத் தெரியுமா?”

க்ளீட் ஹாய்ட்டைப் பார்த்தான். ஹாய்ட் தன் தொப்பியைப் பார்த்தான். வட்ட மேஜைக்காரர்கள் இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தார்கள்.

“காதுக்கு ஆகாதுன்னு சொல்லி நீ சுடறத நிறுத்தினதுலருந்தே எல்லாருக்கும் தெரியும் மச்சான்” என்றான் என் தம்பி.

“ஏண்டா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீதான் அதப் பொம்மைன்னு சொல்லிட்டிருந்தியே.”

இரண்டு வருஷம் நானும் அவரும் சமையலறையில் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய ரகசியம். அதை ஊரே தன் மடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு கிண்டலுக்கும் தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டெல்பர்ட் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“தெரிஞ்சிருந்துமா அன்னிக்கு இவளுக்கு அத வித்த?”

க்ளீட்டின் வாய் திறந்தது. “உன்னை எல்லார் முன்னாடியும் சங்கடப்படுத்த வேண்டாம்னு...” என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தான் சொல்வது என்னவென்று அவனுக்கே உறைத்துவிட்டது. நிறுத்திவிட்டான்.

ஹாய்ட் தலை குனிந்தான். அங்கே நின்றவர்களில் சனிக்கிழமை கடையில் இருந்தவர்கள் எல்லோருமே குனிந்தார்கள். நானும்தான். ஒரு கிழவனின் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் எல்லோரும் எவ்வளவு நாசூக்காக நடந்துகொண்டோம். அதற்கான விலையை உடைந்த மணிக்கட்டுக்காரி ஒருத்தியின் தலையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

“தப்பு என்னோடது” என்றார் டெல்பர்ட்.

“இல்ல, நான்தான்...” என்று க்ளீட் ஆரம்பித்தான்.

“சிரிச்சது நான்” என்றான் ஹாய்ட்.

கல்லா ஓரத்திலிருந்து கெண்ட்ரா திரும்பினாள். மேகசின் நிரம்பிவிட்டது. பின்கூடத்துக்குப் போகும் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நாங்கள்தான் நின்றோம், மூக்கைச் சிந்திக்கொண்டும் தொப்பியைச் சுருட்டிக்கொண்டும்.

“கொஞ்சம் வழி விடறீங்களா?” என்றாள். “பிள்ளைங்க வர்றதுக்குள்ள சுட்டுப் பழகணும். அவன் நாளைக்கு வர்றான்.”

நாங்கள் ஒதுங்கி நின்றோம்.